அலைக்குக் காசு கொடுத்தோம்: இரண்டரை வயதுப் பிள்ளையோடு தண்ணீர்ப் பூங்காவில் ஒரு நாள்

2012 மே மாதம், பள்ளி விடுமுறையின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, கன்னியாகுமரிப் பக்கம் இருக்கும் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போய்வந்தோம். சறுக்குகள், குட்டி ரயில், ராட்டினம், செயற்கை அலைக்குளம் எல்லாம் உள்ள இடம். பெயரைப் போடவில்லை. புகழ்ந்தால் விளம்பரம் என்பீர்கள், குறை சொன்னால் அவர்கள் சண்டைக்கு வருவார்கள். கைப்பிள்ளையோடு போக நினைப்பவர்களுக்காக நேரம், தூரம், செலவு எல்லாம் எழுதியிருக்கிறேன். நடுவில் என் கதையும் வரும். அது வேண்டாம் என்பவர்கள் நேரே கடைசிப் பத்திகளுக்குத் தாவிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

நாங்கள் குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர்கள். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. வீட்டுக்காரர் சகாயம் வள்ளங்களின் இன்ஜின் பழுதுபார்ப்பவர். ஒரே மகள் ஜெனி. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில், கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறோம். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் தங்கை செலின் கரையில் நின்றிருந்தாள். பதினேழு வயது. மூன்றாம் நாள்தான் கிடைத்தாள். அதன்பிறகு ஏழு வருடத்துக்கு மேல் நான் கடலில் கால் நனைத்ததில்லை, ஜெனியை நனைக்க விட்டதுமில்லை.

இந்த ஏப்ரலில் மறுபடியும் நிலநடுக்கம், மறுபடியும் எச்சரிக்கை. கோயில் மைக்கில் அறிவித்தார்கள். ஜெனியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடியவர்களில் நானும் ஒருத்தி. நல்லவேளை, ஒன்றும் வரவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து பிள்ளை குளிக்க மறுத்தாள். வாளித் தண்ணீரைக் கண்டாலே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்குக் கடலும் தெரியாது, சுனாமியும் தெரியாது. என் முகத்தைப் பார்த்துத்தான் படித்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடல் எங்கள் வீட்டில் ஒருத்தியை எடுத்தது போதாதா, இவளையும் பயத்தின் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டுமா? மாட்டேன் என்று முடிவு செய்தேன். சுவர் உள்ள தண்ணீரில், சுவிட்சைப் போட்டால் வந்து, அணைத்தால் நிற்கும் அலையில், முதலில் இவளை நிறுத்துவது என்று பூங்காவுக்குத் திட்டம் போட்டேன்.

எதிர்ப்பு வீட்டிலிருந்தே கிளம்பியது. சகாயத்தின் அக்கா பிலோமி, எனக்கு மைனி, அடுத்த தெருவில்தான் இருக்கிறார். விஷயம் கேள்விப்பட்டதும் வந்துவிட்டார்.

"ஏட்டி ரெஜி, ஒனக்கு கிறுக்கா? அன்னா கெடக்கு கடலு. அலை பாக்க நீ ரூவா கொடுக்கப் போறியா?"

"அந்தக் கடலுக்கு சுவிட்ச் இல்ல மைனி."

"பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒனக்க சுவிட்ச் வந்து நிக்குமா?"

"அப்பம் நீங்களும் வாங்க. பக்கத்துல நின்னு பாத்துக்கோங்க."

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வாய்வார்த்தைக்குச் சொல்வது வழக்கம். யாரும் அதை நம்பிக் கிளம்பி வருவதில்லை. மைனி வந்தார். செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு, நீலக்கரைப் பட்டுச் சேலையும் ஜெபமாலையும் மூன்றடுக்குத் தூக்குச்சட்டியுமாக எங்கள் வாசலில் நின்றார். சகாயம் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன்.

வாடகைக் கார், போகவர 1,700 ரூபாய், காத்திருப்பும் சேர்த்து. 7.15-க்குக் கிளம்பினோம். டிரைவர் அண்ணன், "கடல்கரை ரோட்டுல போனா நல்ல காத்து வரும், தூரமும் கொறவு," என்றார். நானும் மைனியும் ஒரே குரலில், "நாகர்கோவில் வழியா போங்க," என்றோம். அவருக்கு இந்தப் பக்கத்து ஆட்களைத் தெரியும் போல. ஏன் என்று கேட்கவில்லை. மொத்தம் 44 கிலோமீட்டர். நாகர்கோவிலில் ஜெனிக்குப் பால் வாங்க நிறுத்திய பத்து நிமிடத்தோடு, 8.50-க்குப் பூங்கா வாசலில் இருந்தோம். ஒன்பதரைக்குத்தான் திறக்கிறார்கள். இது தெரியாமல் வெயிலில் நாற்பது நிமிடம் காய்ந்தோம். நீங்கள் காய வேண்டாம்.

பெரியவர்களுக்கு நுழைவுச்சீட்டு 380 ரூபாய். 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இலவசம். வாசலில் சுவரில் கோடு போட்டு அளக்கிறார்கள். ஜெனி 86. அடுத்தது பை சோதனை. தூக்குச்சட்டியைத் திறந்த பெண் காவலர், "வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டோம்மா, கைப்பிள்ளைக்கு உள்ளது மட்டும்தான்," என்றார்.

"இது பிள்ளைக்குள்ளதுதான்," என்றார் மைனி.

"மரச்சீனிக் கிழங்கும் நெத்திலி அவியலுமா பிள்ளைக்கு?"

"எங்க பிள்ளைங்க பல்லு மொளச்ச அன்னைக்கே இதத்தான் திங்கும். நீங்க என்னத்தக் கொடுத்து வளத்திய?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அந்த அம்மா ஒரு அடுக்கை மட்டும் உள்ளே விட்டு, மற்ற இரண்டுக்கும் டோக்கன் கொடுத்தார். பிள்ளை பெயரில் போன அந்த அடுக்கை யார் சாப்பிட்டார்கள் என்று கேட்காதீர்கள்.

தண்ணீருக்குள் சேலை கட்டி இறங்க விடுவதில்லை. நைலான் உடைதான் வேண்டும், வாடகை 60 ரூபாய். நான் வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். மைனி, "நான் எறங்கவே போறதில்ல," என்று சொல்லிக் கரையோரப் பெஞ்சில் பைகளோடு உட்கார்ந்துகொண்டார்.

சின்னப் பிள்ளைகள் குளம் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும் ஆழம். முதல் அரைமணி நேரம் ஜெனி என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. இறக்கினால் காலை மடக்கிக்கொண்டு அலறினாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "பாவம், எதுக்குங்க இந்தச் சின்னதைப் போட்டுப் படுத்துறீங்க," என்றார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டேன். மடியில் இருந்தபடி ஒரு விரலை நனைத்தாள். பிறகு ஐந்து விரலையும் நனைத்தாள். பதினொன்றேகாலுக்குத் தண்ணீரில் தானே நடந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்.

அந்தத் துணிச்சலில் அலைக்குளத்துக்குப் போனோம். நம் கரை மாதிரியே சரிவாகக் கட்டியிருக்கிறார்கள். அலை இல்லாத நேரம், தண்ணீர் அசையாமல் கிடந்தது. சகாயம் இடுப்பளவில் நின்றார். நான் ஜெனியைத் தூக்கிக்கொண்டு கணுக்காலளவில் நின்றேன். அலை விடும் நேரத்தைப் பலகையில் பெரிதாக எழுதியிருந்தார்கள். முப்பது பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை அதைப் படிக்கவில்லை.

சரியாக 11.30-க்குச் சைரன் அடித்தது.

அலை வரப்போகிறது, எல்லோரும் குளத்துக்குள் ஓடி வாருங்கள் என்பதற்கான சைரன் அது. நாற்பது ஐம்பது பேர் கைதட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து ஓடினார்கள். பெஞ்சிலிருந்து மைனியின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "கடலு வருது, ஓடுங்க மக்கா, ஓடுங்க."

நான் ஓடினேன். யோசிக்கவில்லை. கொதிக்கிற சிமென்ட்டுத் தரையில், ஐஸ்கிரீம் கடையைத் தாண்டி, கண்ணில் பட்ட உயரமான இடத்தைப் பார்த்து ஓடினேன். அது அங்குள்ள பெரிய சறுக்கு, மூன்று மாடி உயரம். வரிசையில் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு படி ஏறினேன். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மைனியும் பின்னாலேயே ஏறினார். உச்சியில் நின்ற ஊழியர் கையை நீட்டி மறித்தார். "மேடம், நாலு அடி உயரம் இருந்தாத்தான் சறுக்க விடுவோம். குழந்தையை விட முடியாது."

அங்கிருந்து பார்த்தால் தென்னைகளுக்கு அப்பால் கடல் தெரிகிறது. பச்சையாக, வெயிலில் சும்மா கிடந்தது. கீழே குளத்தில் மனிதர்கள் அலையில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். படியில் நின்ற கூட்டம் எங்களைப் பார்த்துச் சிரித்தது. ஒருவர் தன் செல்போனில் படம்கூட எடுத்தார். "எடுங்க, நல்லா எடுங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஜெனி என் தோளைக் கடித்தபடி அழுதாள். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

கீழே சகாயத்தைக் காணவில்லை. அலைக்குளத்துக்குத்தான் போனோம். அவர் அங்கே கழுத்தளவு தண்ணீரில் மூழ்கி மூழ்கி எழுந்துகொண்டிருந்தார், கண்கள் சிவந்திருந்தன. எங்களைக் கண்டதும் கரையேறி வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க ஓடினத நான் பாக்கல. தண்ணிக்குள்ள கெடக்கியளோன்னு தேடிட்டு இருந்தேன்," என்றார்.

மைனிதான் முதலில், "போதும் மக்கா, வீட்டுக்குப் போவோம்," என்றார். சகாயமும் தலையாட்டினார். எனக்கு அப்போதுதான் காலையில் வராத பிடிவாதமெல்லாம் வந்தது. இப்போது போனால் பிள்ளை இந்த ஓட்டத்தோடுதான் வீட்டுக்குப் போவாள். நாளைக்கு வாளித் தண்ணீரைக் கண்டாலும் ஓடுவாள். "அடுத்த அலை எத்தன மணிக்குன்னு கேட்டுட்டு வாறேன், யாரும் அசையப்பிடாது," என்று சொல்லிவிட்டுப் போனேன்.

விசிலோடு நின்ற காவலருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். சிரிக்கவில்லை. "எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன்.

"நான் ஒங்களுக்குப் பக்கத்து ஊருதான். இங்க வேலைக்குச் சேந்த மொத வாரம், இந்தச் சைரனக் கேட்டு நானே செவரு மேல ஏறி நின்னுட்டேன். சூப்பர்வைசர் வந்துதான் எறக்கினாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு மணிக்கு அடுத்தது. அடிக்கதுக்கு முன்னால ஒங்களுக்குக் கைகாட்டுகேன். பையப் பைய வாங்க," என்றார்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பெஞ்சில் மைனியைக் காணோம். பார்த்தால் உடை மாற்றும் அறையிலிருந்து வருகிறார், மஞ்சள் நிற நைலான் சுடிதாரில். ஐம்பத்திரண்டு வயதில் அவர் சேலை தவிர வேறு உடை போட்டு நான் பார்ப்பது அதுதான் முதல்முறை. "சிரிச்சன்னா அறைஞ்சிருவேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டு ஜெனியின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் அலைக்குளத்தின் ஓரத்தில் கணுக்காலளவில் போய் நின்றோம்.

காவலர் கையைக் காட்டினார். சைரன் அடித்தது. என் கால் திரும்பி ஓடப் பார்த்தது. ஜெனி அலையைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன். சந்தோஷச் சிரிப்பெல்லாம் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வரவழைத்த சிரிப்பு. மைனியும் என்னைப் பார்த்து அதே மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்த பிள்ளை, முழங்காலுக்கு வந்த முதல் அலையை ஓங்கி ஒரு அடி அடித்தாள். தண்ணீர் அவள் முகத்திலேயே தெறித்தது. திரும்பவும் அடித்தாள். பத்து நிமிடம் அலை ஓடியது, பத்து நிமிடமும் அடித்தாள். அது நின்றதும்தான் அழுதாள்.

நாலரைக்குப் பூங்காவை விட்டுக் கிளம்பினோம். கார், சீட்டு, துணி வைத்த லாக்கர் 40, மைனியின் சுடிதார் வாடகை, ஐஸ்கிரீம் எல்லாம் சேர்த்து மூன்றாயிரத்து நூறு ரூபாய் ஆனது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. ஞாயிறு வேண்டாம், செவ்வாய் புதன் கூட்டம் குறைவு. பத்து மணிக்குப் போனால் போதும். தரை சுடும், பிள்ளைக்கு ரப்பர் செருப்பு அவசியம். அங்கே கிடைக்கும் சோறு சின்னப் பிள்ளைக்கு ஆகாது, காரம் அதிகம். தண்ணீரில் போடும் மருந்து கண்ணை எரிக்கும், நல்ல தண்ணீர் ஒரு பாட்டில் தனியாகக் கொண்டுபோங்கள். மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு அங்கே மொத்தம் நான்கு விளையாட்டுத்தான் உண்டு. அதற்கு இவ்வளவு செலவா என்றால், ஆமாம், இவ்வளவு செலவுதான். பிள்ளை முதல் ஒரு மணி நேரம் அழுதால் கிளம்பிவிடாதீர்கள். கடற்கரை ஊர்க்காரர்களே, சைரன் அடிக்கும் என்று உங்கள் ஆட்களிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். சொல்ல மறந்து ஓடிவிட்டால் வெட்கப்பட வேண்டாம். சிரிக்கிறவர்களுக்கு ஓடவேண்டிய நாள் வந்ததில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஜெனியைக் கையில் பிடித்துக்கொண்டு கரைக்கு இறங்கினேன். செலின் நின்ற இடம் எனக்குத் தெரியும், அங்கேயே போய் நின்றேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அலை வந்து எங்கள் இரண்டு பேர் காலையும் நனைத்துவிட்டுப் போனது. இந்தக் கடல்மேல் எனக்குள்ள கோபம் தீரவில்லை. தீரவும் வேண்டாம். ஆனால் என் பிள்ளை தன் ஊர்க்கரையில் நிற்பதற்கு நான் இனி இதனிடம் அனுமதி கேட்கப்போவதில்லை.