கடைசி இருநூறு மீட்டர்

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவரை எல்லோரும் ஸ்க்ரூ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபிரேமோடு அதன் காலைச் சேர்க்கும் கடுகளவு திருகாணியை ஒரே திருகில் உட்கார வைத்துவிடுவார். இருபத்தாறு வருஷ வேலை. "ஸ்க்ரூ கழண்டவ இல்ல, மாட்டறவ" என்று புதிதாக வருகிறவர்களிடம் அவரே சொல்லிச் சிரிப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. சொந்தம் என்று வேறு ஊரில் ஓர் அண்ணனும் அண்ணியும்.

ஒரு நாள் காலை கடைக்குப் போக ஆப்பில் கார் கூப்பிட்டிருந்தார். இறங்குமிடமாக எப்போதும் கடை இருக்கும் தெருவின் முனையைத்தான் போடுவார். உள்ளே போனால் வண்டியைத் திருப்புவது கஷ்டம், ஓட்டுகிறவருக்கு எதற்குத் தொல்லை என்று. முனையில் கார் நின்றது. டிரைவர் ஃபோனைத் தட்டிப் பயணத்தை முடித்தார். அக்கா பணத்தையும் அனுப்பிவிட்டுக் கதவில் கை வைக்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

"உக்காருங்க மேடம், தொப்பலா நனைஞ்சிடுவீங்க. கடை வாசல்லயே விட்டுடறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"இருநூறு மீட்டர்தானே. இதுல என்ன சிரமம்?"

பாதி தூரத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். ஈரத்தில் வழுக்கிய கார் விளக்குக் கம்பத்தில் போய் மோதி நின்றது. டிரைவருக்கு உதடு கிழிந்தது. அக்காவுக்கு வலது முன்கையில் எலும்பு இரண்டும் முறிந்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் "கூட யார் வந்திருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டார். உதட்டில் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்ற டிரைவர், "நான்தான்" என்றார். கையில் தகடு வைத்துத் தைத்தார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, பில் கவுண்டரில் இருந்த பெண், "பணத்த யார் கட்டுவாங்கன்னு முடிவாகட்டும் மேடம், அதுவரைக்கும் நிலுவைன்னு போட்டிருக்கேன்" என்றார்.

அந்த முடிவு லேசில் வரவில்லை. ஆப்பை நடத்தும் கார் கம்பெனியின் காப்பீட்டுக்காரர்கள், "விபத்து நடந்தது ஒன்பது பதினாலுக்கு. பயணம் ஒன்பது பன்னிரண்டுக்கே முடிஞ்சுபோச்சு. அப்புறம் நடந்ததுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார்கள். டிரைவர் தன் காருக்குச் சொந்தமாக எடுத்திருந்த காப்பீட்டின் ஆட்களோ, "வாடகைக்கு ஓட்டும்போது நடந்தா எங்ககிட்ட வராதீங்க" என்றார்கள். பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உருண்டுகொண்டிருந்தது.

அண்ணி ஃபோன் செய்தார். "நான் வேணா கிளம்பி வரட்டுமா? இங்க வேலைதான் தலைக்கு மேல கிடக்கு."

"வேணாம் அண்ணி, சமாளிச்சுக்கறேன்."

சமாளிப்பது என்றால், ஜாக்கெட்டுக்கு ஊக்கு மாட்ட முடியாமல் நாள் முழுக்க நைட்டியில் இருப்பது. பிரெட் பாக்கெட்டைப் பல்லால் பிரிப்பது. இடது கையால் தலைவாரப் பார்த்து, பாதியில் சீப்பை வைத்துவிடுவது.

ஆனால் ஃபோன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. கவுண்டர் பெண் ஒரு தாள் கேட்பார். காப்பீட்டு ஆபீஸில் தேதி கேட்பார்கள். டிரைவர் ஒருநாள் விட்டு ஒருநாள் கூப்பிடுவார். மேடம் எப்போதோ அக்காவாகிவிட்டிருந்தார்.

"சாப்ட்டீங்களா அக்கா? வலி எப்படி இருக்கு?" என்றவர் ஒருநாள் குரலைத் தாழ்த்தினார். "கம்பெனிக்காரங்க கேட்டா ட்ரிப் ஓடிட்டுதான் இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. முனையிலயே கை தவறி அமுக்கிட்டேன்னு நான் சொல்லியிருக்கேன். உங்க பில்லாவது கட்டிடுவாங்க."

"பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார் அக்கா. அவர் தனக்காகத்தான் பொய் சொல்லியிருக்கிறார் என்பது அக்காவுக்குப் புரிந்தது.

மறுவாரம் டிரைவரின் காப்பீட்டு ஆபீஸிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார், நடுத்தர வயதுப் பெண். மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. மூன்று வாரத்தில் அந்த வீட்டுக்குள் வந்த முதல் ஆள். ஒற்றைக் கையால் டீ போட்டு, பாதி சாஸரில் சிந்தியபடி கொண்டுவந்து வைத்தார் அக்கா.

"மோதும்போது ட்ரிப் ஓடிட்டு இருந்துச்சா?"

பொய் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அரை டிகிரி கோணல் இருந்தாலும் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுகிற பெண் அவர்.

"இல்லைங்க. முனையிலயே முடிஞ்சுபோச்சு. பணமும் கொடுத்துட்டேன்."

"அப்ப அந்த இருநூறு மீட்டருக்குத் தனியா ஏதாவது வாங்கினாரா?"

"வாங்கல. கேக்கவும் இல்ல."

"பின்ன எதுக்கு ஏத்திட்டு வந்தார்?"

"மழை பெஞ்சுது."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "இத முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம். காசு வாங்காம கூட்டிட்டு வந்தா அது வாடகை இல்ல. தெரிஞ்சவங்கள கார்ல ஏத்திட்டுப் போற மாதிரிதான். நாங்கதான் கட்டணும்." பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். 'ஓட்டுநருக்கு என்ன உறவு?' என்ற இடம் காலியாக இருந்தது. அக்கா பேனாவை வாங்கிக்கொண்டார். பிறகு இடது கையால், குழந்தை எழுதுவது போலக் கோணல்மாணலாக 'தெரிந்தவர்' என்று எழுதினார்.

ஆறு வாரத்தில் ஆஸ்பத்திரி பில் முழுக்க அடைபட்டது. கைக்குப் பயிற்சி கொடுத்ததற்கான செலவை, விபத்து பில்லை வண்டிக் காப்பீடுதான் கட்ட வேண்டும் என்று ஒதுங்கியிருந்த, கடையில் எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்பீடு ஏற்றுக்கொண்டது. வேலைக்குப் போகாத நாட்களுக்கு யாரும் எதுவும் தரவில்லை. தப்பாகச் சொன்னதற்காக டிரைவரைக் கார் கம்பெனி பத்து நாள் நிறுத்தி வைத்தது.

"என்னால உங்களுக்குப் பத்து நாள் போச்சே" என்றார் அக்கா.

"விடுங்க அக்கா. பில் முடிஞ்சுதுல்ல, எனக்கு அது போதும். உடம்பப் பாத்துக்கோங்க."

அதுதான் கடைசி அழைப்பு. கோபமெல்லாம் ஒன்றுமில்லை. கூப்பிட இனிமேல் காரணம் இல்லை, அவ்வளவுதான். கவுண்டர் பெண்ணும் கூப்பிடவில்லை. அதிகாரியும் கூப்பிடவில்லை. அக்கா இரண்டு தடவை ஃபோனை எடுத்து, சத்தத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்தார்.

கை முழுதாகத் திரும்பவில்லை. திருகாணி வேலை இனி ஆகாது என்று முதலாளி அவரை பில் போடும் மேசைக்கு மாற்றினார். பெயர் மட்டும் மாறவில்லை.

ஒரு மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரத்தில், அக்கா காப்பீட்டு ஆபீஸுக்கு ஃபோன் செய்தார். அந்த அதிகாரிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தார். எடுத்தது வேறு யாரோ ஒரு பெண்.

"உங்க கேஸ் முடிஞ்சிடுச்சே மேடம். பணமும் போயிடுச்சு. வேற ஏதாவது தெரியணுமா?"

"அந்த மேடம் இருக்காங்களா?"

"வேற ஊருக்கு மாத்திட்டாங்க. எங்கிட்ட சொல்லுங்க, நான் பாக்கறேன்."

"இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் அக்கா. அந்தப் பக்கம் வைக்கும் வரைக்கும் ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தார்.