மடைக்காரனை யார் ஆடுவது

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, மதியம் மூன்று மணி, நீடாமங்கலத்தில் என் மருந்துக்கடையின் மாடியறை. நான், மூன்று நண்பர்கள், ஒரு மேசை, ஒரு டப்பா நிறையப் பகடைகள். பதினோரு வருடமாக இது நடக்கிறது. எனக்கு வயது நாற்பத்து நான்கு. இதைச் சொல்ல எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

வெட்கப்பட வேண்டும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் வைத்தே என் நாத்தனார் கேட்டாள்: "ஏன் அண்ணி, அந்தச் சின்னப் புள்ளைங்க விளையாட்ட இன்னும் விடலையா நீங்க?"

"உன் வீட்டுக்காரர் சீட்டாடறத விட்டுட்டாரா?" என்றேன். பாயசம் வரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. ஆம்பிளைகள் மன்றத்தில் உட்கார்ந்து சீட்டாடினால் பொழுதுபோக்கு. நாங்கள் உட்கார்ந்து கதையாடினால் பைத்தியம். என்ன நியாயமோ.

ஆட்டம் இதுதான். ஒருவர் கதையை நடத்துவார். எங்களில் அது நான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன நடக்கிறது என்று நான் சொல்வேன், தாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். ஒரே கதை வருடக்கணக்கில் போகும். எங்கள் கதை நடப்பது நானாக உண்டாக்கிய ஓர் ஆற்று தேசத்தில்.

இந்த ஆட்டத்தை எங்களுக்குக் காட்டியவன் மிராசு. அது நாங்கள் கிண்டலுக்கு வைத்த பெயர். அவன் தாத்தா காலத்தில் பூதலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பாதி நிலம் அவர்களுடையது. உச்சவரம்புச் சட்டம் வந்தது, பங்கு பிரிந்தது, படிப்புக்கும் கல்யாணத்துக்கும் விற்றது போக மூன்று ஏக்கர் மிஞ்சியது. மிராசு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, அங்கே இந்த ஆட்டத்தைக் கற்று, வேலையோடு தஞ்சாவூருக்கே திரும்பி வந்தவன். ஆட்டத்தில் அவன் நாடோடி வைத்தியர்.

இரண்டாவது ஆள் பூதலூர்க்காரன். மிராசோடு ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. அந்த மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு உழுவது அவன் குடும்பம்தான். முன்பு அவன் அப்பா, இப்போது அவன். ஆட்டத்தில் அவன் பெரிய மதகைக் காக்கும் மடைக்காரன். "வயல்லேர்ந்து வந்து இங்கயும் மடையாடா?" என்று முதல் நாளே கேட்டேன். "அங்க நான் சொன்னா தண்ணி வராது. இங்க நான் சொன்னா வரும்ல," என்றான்.

மூன்றாவது, மல்லிப்பட்டினத்துக்காரி. வீட்டில் இரண்டு விசைப்படகு, பட்டுக்கோட்டை மார்க்கெட்டுக்கு மீன் அனுப்பும் வியாபாரம் முழுக்க அவள் கையில். சனிக்கிழமை கடலுக்குப் போன படகு ஞாயிறு காலையில் கரைக்கு வரும். மீனை ஏற்றி அனுப்பிவிட்டு, குளித்து, மன்னார்குடி வழியாகப் பஸ் பிடித்து வருவாள். ஆட்டத்தில் அவள் அரண்மனை ஒற்றர். "எனக்கு அங்க தண்ணி, மீனு எதுவும் வேணாம்க்கா. பட்டுப்புடவை கட்டிக்கிட்டு மாடியில நிக்கணும்," என்றாள். அப்படியே ஆகட்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆரம்பத்தில் ஒருவர் வரவில்லை என்றால் ஆட்டத்தைத் தள்ளிப்போட்டோம். ஒருவனுக்கு நடவு, ஒருத்திக்கு மீன், ஒருவனுக்கு மேனேஜர். தள்ளித் தள்ளி ஒரு வருடத்தில் ஆறு மாதம் ஆட்டமே இல்லாமல் போனது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எல்லோரையும் வரச் சொல்லி ஒரு சட்டம் போட்டேன்.

"இனிமே யார் வரலைன்னாலும் ஆட்டம் நிக்காது. வராதவங்க ஆளை அவங்களுக்கு இடது பக்கம் உக்கார்றவங்க ஆடணும். ஆடினது ஆடினதுதான். அப்புறமா வந்து மூக்கால அழக் கூடாது."

மல்லிப்பட்டினத்துக்காரி ஒருமுறை வரவில்லை. அவளுக்கு இடது பக்கம் பூதலூர்க்காரன். பட்டுப்புடவை ஒற்றரை அவன் கொண்டுபோய்த் தெருச் சண்டையில் இறக்கிவிட்டு, ஒரு காதை அறுபட வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் காய்ச்சலோடும் வந்தாள். தன் ஆளை இன்னொருவர் கையில் கொடுக்க யாருக்கும் மனசு வராது. அந்தச் சட்டம்தான் எங்களைக் காப்பாற்றியது.

காவிரித் தண்ணீருக்காக ரயில் மறியல் நடந்த ஒரு ஞாயிறு. தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்களில் பூதலூர்க்காரனும் ஒருவன். போலீஸ் எல்லோரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தது. மூன்று மணிக்கு அவனிடமிருந்து போன். "எங்களுக்கு உப்புமா குடுத்துட்டாங்க. ஸ்பீக்கர்ல போடு, ஆரம்பி." பகடையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். அவனோடு கைதான இரண்டு கட்சிக் கரைவேட்டிகளும் சுற்றி உட்கார்ந்து, விழுந்த எண்ணைச் சத்தமாகச் சொன்னார்கள். ஆட்சிகூட மாறியது. எங்கள் ஞாயிறு மாறவில்லை.

அப்படிப்பட்டதை ஒரு துண்டுக் காகிதம் உடைக்கப் பார்த்தது.

மிராசின் அப்பா அந்த மூன்று ஏக்கரை விற்க முடிவு செய்தார். மனை போடுபவர்கள் கேட்டிருந்தார்கள். பூதலூர்க்காரனின் குத்தகைக்கு எந்தப் பதிவும் கிடையாது, எல்லாம் வாய்வார்த்தை. யார் பயிர் செய்கிறார் என்று கிராமக் கணக்கில் எழுதும் அடங்கலில்கூட அவன் பெயர் இல்லை. அவன் பயந்துபோய், குத்தகைதாரராகப் பதிவு செய்யக் கோரி தாலுகா ஆபீஸில் மனுப் போட்டான். மிராசின் அப்பா ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார்: 'நிலத்தை நாங்களே நேரடியாகச் சாகுபடி செய்து வருகிறோம். மனுதாரர் எங்களிடம் கூலிக்கு மேற்பார்வை பார்த்தவர்.' கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று மிராசுடையது.

அதன் நகல் பூதலூர்க்காரன் கைக்கு வந்தது. அவன் திட்டவில்லை, போன் செய்யவில்லை. எங்கள் வாட்ஸாப் குரூப்பை விட்டு வெளியேறினான், அவ்வளவுதான். நிலம் போனால் அவனுக்கு வேறு பிழைப்பில்லை. அவன் போனால் எங்கள் மேசையும் இல்லை.

மிராசுக்குப் போன் போட்டேன்.

"அப்பா ஹார்ட் பேஷன்ட்," என்றான். "போடுன்னார், போட்டேன். அவனை ஒண்ணும் நடுத்தெருவுல விடல. ஊருக்குள்ள ஒரு மனை தர்றோம்னு சொல்லியிருக்கோம்."

"வாயக் கழுவு. கூலிக்கு மேற்பார்வையா? உனக்குச் சோறு எங்கேர்ந்து வந்துச்சு?"

"கொஞ்ச நாள் ஆட்டத்த நிறுத்தி வைக்கலாமா?" என்று கேட்டான்.

"நிறுத்தறதா? தலைகீழா நின்னாலும் நிறுத்த மாட்டேன். ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு நீ வர்ற. அவனுக்கு இடது பக்கம் உக்கார்றது நீதான். அவன் ஆளை நீதான் ஆடணும்."

வந்தான். பக்கத்து நாற்காலி காலி. நான் மனசறிந்தே ஒரு காரியம் செய்தேன், மறைக்கவில்லை. கதையில் இளவரசரின் தூதனை மதகுக்கு அனுப்பினேன். "மடைக்காரனே, மதகை விட்டு இறங்கு. உனக்கு ஊருக்குள் ஒரு வீடு தருகிறோம்," என்றான் தூதன். பிறகு மிராசைப் பார்த்து, "சொல்லு. அவன் என்ன செய்வான்? 'நான்'னு ஆரம்பிச்சுச் சொல்லு," என்றேன்.

மிராசு மடைக்காரனின் விவரம் எழுதிய பாத்திரத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பூதலூர்க்காரனின் கோணல் கையெழுத்து. "நான் வீட்டை வாங்கிக்கறேன். எறங்கிப் போறேன்," என்றான்.

மல்லிப்பட்டினத்துக்காரி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "அண்ணே, நெசமாவே அந்த அண்ணன் அப்படிச் சொல்வாருன்னா நெனைக்கிறீங்க?"

"சண்டை எதுக்குன்னு நெனைப்பான்," என்றான் மிராசு, தலையைத் தூக்காமல்.

நான் அதைத் தாளில் எழுதினேன்: மடைக்காரன் மதகை விட்டு இறங்கினான். போட்டோ எடுத்துப் பூதலூர்க்காரனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. அனுப்பியிருக்கக் கூடாதோ என்று இரண்டு வாரமும் எனக்கு நிம்மதி இல்லை.

அடுத்த ஆட்ட நாள். சம்பா அறுவடை உச்சத்தில் இருந்தது. அறுப்பு மெஷினுக்கு ஊரெல்லாம் அடிதடி. மூன்றரை மணிக்குப் படியில் சத்தம். பூதலூர்க்காரன் வந்து நின்றான். தலையெல்லாம் வைக்கோல் தூசி. மிராசு எழுந்துவிட்டான், எதற்கென்று அவனுக்கே தெரியாது.

"நெலத்த உங்களுதுன்னு எழுதிட்டீங்க," என்றான் பூதலூர்க்காரன். "உங்களுதுதான், இல்லங்கல. உழுததும் நீங்கதான்னு எழுதிட்டீங்க. சரி, அத நான் ஆபீஸ்ல பாத்துக்கறேன். இந்த மடைக்காரனையுமாடா எறக்கி விடணும்?"

அவன் தன் நாற்காலியில் உட்கார்ந்து தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "இந்த வரிய அடி," என்றான் என்னிடம்.

"அடிச்சிடுங்கக்கா," என்றாள் மல்லிப்பட்டினத்துக்காரி.

எனக்கும் ஆசைதான். ஆனால் அன்றைக்கு ஒரு வரியை அடித்தால் நாளைக்கு ஒவ்வொரு வரியும் அடிபடும். அப்புறம் எங்களிடம் இருப்பது வெறும் பேச்சு. "ஆடினது ஆடினதுதான்," என்றேன். என்னை அவன் முறைத்த முறைப்பு இன்னும் மறக்கவில்லை.

"சரி. எறங்கிட்டானா? திரும்ப ஏறறான்."

மதகில் இளவரசரின் காவலாளிகள் இருந்தார்கள். ஏற வேண்டுமானால் பகடையில் பதினைந்துக்கு மேல் விழ வேண்டும் என்றேன். நான்கு விழுந்தது. அடித்துக் கீழே தள்ளினார்கள். "திரும்ப ஏறறான்," என்றான். ஒன்பது. "திரும்ப." இரண்டு. மடைக்காரனுக்கு விலா எலும்பு உடைந்தது, ஒரு கண் வீங்கியது, நான் ஒவ்வொன்றாக எழுதினேன். எனக்கே கை வலித்தது. ஏழாவது முறை பகடை மேசையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. மிராசு குனிந்து எடுத்து அவன் முன்னால் வைத்தான். பூதலூர்க்காரன் அவன் முகத்தைப் பார்க்காமலே அதை எடுத்து மறுபடி உருட்டினான். பதினொன்று.

"மெஷின் நிக்குது, நான் போகணும்," என்று எழுந்தான். "ஆனா இவன இனிமே யாரும் ஆட வேணாம். கோர்ட்டு கச்சேரின்னு எத்தன வருஷம் ஆனாலும் சரி, நானே வருவேன்." சொன்னபடியே வந்தான், குரூப்பிலும் திரும்பச் சேர்ந்தான். மிராசிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலு மாதம் கழித்து, விசாரணை ஒரு புதன்கிழமை வந்தது. அந்த மனு இன்றைக்கும் முடியவில்லை, ஆட்சேபணைக்கு மேல் ஆட்சேபணையாக இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அன்று நடந்ததற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடையைப் பூட்டிவிட்டு பாசஞ்சரில் பூதலூர் போனேன். தாசில்தார் அறையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு பக்கம் மிராசும் அவன் அப்பாவும் வக்கீலும். இன்னொரு பக்கம் பூதலூர்க்காரன், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. நான் கதவோரம் நின்றேன். தாசில்தார் காகிதத்தைப் புரட்டி, மிராசின் அப்பாவிடம் கொஞ்சம் கேட்டார். பிறகு மிராசிடம் திரும்பினார்.

"இதுல உங்க கையெழுத்தும் இருக்கு. நேரடியா நீங்கதான் சாகுபடி பண்றீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் அப்பா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. மிராசுக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"இல்ல சார்," என்றான். "அந்த வயலுக்குத் தண்ணி எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னுகூட எனக்குத் தெரியாது. நான் போட்ட கையெழுத்து தப்பு. அவனக் கேளுங்க."

அப்பா "டேய்" என்றார். வக்கீல் எழுந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். தாசில்தார் கையைக் காட்டி அவரை உட்கார வைத்துவிட்டு, "நீங்க சொல்லுங்க," என்றார் பூதலூர்க்காரனிடம்.

அவன் பையைக் கீழே வைத்தான். இரண்டு முறை செருமினான். கல்லணைக் கால்வாயிலிருந்து பிரியும் கிளை வாய்க்காலைச் சொன்னான், வடக்கு மடையைச் சொன்னான், தண்ணீர் முறை வரும் நாளைச் சொன்னான், வரப்போரம் அண்டை வெட்டும் இடத்தைச் சொன்னான். குமாஸ்தா எழுத முடியாமல் திணறினார். "தெக்கு மூலைக்கு மட்டும் தண்ணி ஏறாது சார், எறைச்சுதான் ஊத்தணும்," என்றான்.

மிராசு தன்னை மறந்து, அது ஆபீஸ் என்பதையும் மறந்து, "ஏன்டா ஏறாது?" என்று கேட்டான்.

பூதலூர்க்காரன் பேச்சை நிறுத்தினான். நாலு மாதத்தில் முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தான்.

"அங்க மேடுடா," என்றான்.