தோல் போர்த்திய நூறு கிலோ

என் கைக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடமாகச் செலக்‌ஷன் டேபிளில் நிற்கிறேன். பதப்படுத்தி வந்த தோலை விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, இது முதல் ரகம், இது மூன்றாம் ரகம் என்று பிரித்துப் போடுவதுதான் வேலை. ஆடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, எதுவானாலும் கண்ணுக்கு முன்னால் என் விரலுக்குத் தெரிந்துவிடும். ஒரே தோலை இரண்டாம் முறை தொட்டால் குழப்பம்தான். முதல் தடவில் கை என்ன சொல்கிறதோ அதுவே தீர்ப்பு. இப்படிப்பட்ட கையோடு ஜிம்முக்குப் போனால் அது சும்மா இருக்குமா?

ஜிம்முக்கு ஆசைப்பட்டு நான் போகவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் தோல் கட்டு ஒன்றைத் தூக்கப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்கு மாதம் குனிய முடியவில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ அனுப்பும் கம்பெனியில் வேலை பார்ப்பவள், என் செருப்பு வாரை மாட்ட முடியாமல் கணவரிடம் காலை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் முகம் சுளிக்காமல் மாட்டிவிட்டார். எனக்குத்தான் அழுகை முட்டியது. வலி போன பிறகும் பயம் போகவில்லை. தண்ணீர்க் குடத்தில் கை வைத்தாலே முதுகு, "ஞாபகம் இருக்கா?" என்று கேட்டது. பிசியோதெரபி கொடுத்த பெண்தான், பயந்தால் ஆகாது, மெதுவாக எடை தூக்கிப் பழகுங்கள் என்றாள். தரையில் கிடக்கும் கம்பியை நிமிர்ந்து நிற்கும்வரை தூக்குவதற்கு டெட் லிஃப்ட் என்று பெயர். அதில் நூறு கிலோ தூக்கிவிட்டால் என் பயம் ஒழிந்தது என்று கணக்கு. எந்த டாக்டரும் சொன்னதில்லை, நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

கூட வந்தவள் என் தோஸ்த். அதே கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர், வாணியம்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். வீட்டில் உருது, என்னிடம் தமிழ், மெஷின் மக்கர் பண்ணினால் இரண்டும் கலந்த திட்டு. எடை தூக்குவதில் அவளுக்கு ஆர்வம் கம்மி. நான் தூக்குவதை வேடிக்கை பார்ப்பதில்தான் ஜாஸ்தி. நான் தூக்கியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள்.

தொண்ணூறு வரை கடகடவென்று ஏறிவிட்டேன். அங்கே வண்டி நின்றது. தொண்ணூற்றைந்து போட்டால் கம்பி தரையை விட்டு ஒரு விரல்கடை எழும்பும், முதுகு தன் கேள்வியைக் கேட்கும், நான் விட்டுவிடுவேன். மூன்று மாதம் இதே கூத்து.

அப்போதுதான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த கராத்தேக்காரி எழுந்தாள். கல்லூரியில் பிரவுன் பெல்ட் வரை போயிருந்தேன். உதையெல்லாம் மறந்து, மூன்று விஷயம் மட்டும் மிச்சமிருந்தது. அடிக்கும்போது மூச்சை விடு. பலகையைக் குறிவைக்காதே, பலகைக்கு அந்தப் பக்கத்தைக் குறிவை. மனதைக் காலி செய், உடம்பு தானே பார்த்துக்கொள்ளும். இந்த மூன்றையும் என் கையின் கர்வத்தோடு குழைத்து ஒரு தத்துவம் தயாரித்துவிட்டேன். இனி அட்டவணை கிடையாது. தினமும் கம்பியை ஒரு தடவு தடவினால் இன்று எவ்வளவு என்று கை சொல்லும். கம்பியைத் தூக்குவதாக நினைக்கவே கூடாது. எதிர்ச் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்க்க எழுந்திருக்கிறேன், வழியில் கம்பியும் கூட வருகிறது, அவ்வளவுதான்.

நான் கண்ணை மூடிக் கம்பியைத் தடவுவதைப் பார்த்த ஜிம் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா மேடம், வெயிட் தூக்க வந்தீங்களா, அதுக்கு ஆசீர்வாதம் பண்ண வந்தீங்களா?"

"கை சொல்லும் சார்."

"கை சொல்றது இருக்கட்டும். நோட்டு இன்னா சொல்லுதுன்னு பாருங்க."

நான் கேட்கும் நிலையில் இல்லை. தலைகால் புரியாத சந்தோஷம். மூச்சை விடும்போது நான் போட்ட சத்தத்தில் டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்த அம்மா இறங்கியே போய்விட்டார். கம்பெனியில் தோல் விரிக்கும்போதுகூட 'ஹ்ஹா' என்று ஊதினேன். ஒரு நாள் கை, இன்று உன் நாள் என்றது. எண்பதுகூட அசையவில்லை. காலையில் சாப்பிடாமல் வந்திருந்தேன். இன்னொரு நாள், இன்று ஓய்வு எடு என்றது. பார்த்தால் கீழ்க் கடையில் பிரியாணி தம் உடைத்திருக்கிறார்கள். இவளுடைய உள்ளுணர்வில் பாதி வயிற்றிலிருந்து வருகிறது என்று தோஸ்த் நோட்டில் எழுதி எனக்கே படித்துக் காட்டினாள்.

பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள்.

"உனக்கு வெயிட்டு பிரச்சினை இல்லடி, நம்பர்தான் பிரச்சினை. தொண்ணூத்தஞ்சுன்னு தெரிஞ்சதும் மூஞ்சே மாறிப்போவுது. நம்பர் தெரிஞ்சா மனசு எப்டி காலியாவும்? வர்ற ஞாயித்துக்கெழம நான் மாட்டி வெக்கிறேன், நீ பாக்காம தூக்கு."

கேட்க அசல் ஜப்பான்காரன் சொன்னது போலவே இருந்தது. உடனே ஒப்புக்கொண்டேன்.

ஞாயிறு காலை போனேன். கட்டிங் பிரிவில் கேட்டு வாங்கிய கழிவுத் தோலில், ஒவ்வொரு இரும்பு வட்டுக்கும் ஒரு உறை தைத்து, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து மாட்டியிருந்தாள். தையல் அவ்வளவு நேர்த்தி.

"எம்பத்தஞ்சுதான் போட்டிருக்கேன், சும்மா பழகிக்கோ" என்று சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தாள்.

என் கை வழக்கம்போல ஓரத்து வட்டின் மேல் போனது. செம்மறி ஆட்டுத் தோல், ஷூவுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் மெல்லிசு, இரண்டாம் ரகம், வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தளர்ச்சி. அதற்குக் கீழே, எலாஸ்டிக் இழுத்துப் பிடித்த இடத்தில், இரும்பில் புடைத்திருந்த எழுத்து விரலில் தட்டியது. ஒரு இரண்டு, பக்கத்தில் ஒரு பூஜ்யம். உள்ளே இருந்த வட்டும் அதே பருமன். அந்தப் பக்கமும் அப்படியே. பக்கத்துக்கு நாற்பது, கம்பி இருபது. நூறு.

உண்ணிக் கடியைத் தேடிப் பதினெட்டு வருடம் தடவிய விரலிடம், மெல்லிய தோலைப் போர்த்தி எண்ணை மறைக்கப் பார்த்திருக்கிறாள். எங்கள் பக்கத்துக்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கன்னத்தின் உட்புறத்தைக் கடித்து அடக்கினேன். சொல்லிவிடலாம் என்று திரும்பினால், அவள் துப்பட்டா நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் நிற்கிறாள். என் நூறு கிலோவுக்கு என்னைவிட அதிகமாக ஏங்கிக்கொண்டிருந்தவள் அவள்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

குனிந்தேன். மனம் காலியாகவா இருந்தது? பண்டிகைக்கு முந்தின நாள் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு. நூறு, இரண்டாம் ரகம், செருப்பு வாரை மாட்டும் கணவரின் கை, என்ன அழகான தையல், ஐயோ நூறு. கம்பி ஒரு விரல்கடை எழும்பியதும் முதுகு கேட்டது. இருக்கிறது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது, நீயும் கூட வா என்றேன். பயத்தில் காது அடைத்தது. கம்பி முழங்காலைத் தாண்டியது. நிமிர்ந்து நின்றேன்.

கம்பியைக் கீழே வைப்பதற்குள் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நூறுடி! மாஷா அல்லாஹ், நூறு! எப்டி ஏமாத்தினேன் பாத்தியா!"

"நூறா? போடி, பொய் சொல்ற" என்று வாயைப் பிளந்தேன். மாஸ்டரே கை தட்டினார். அவள் ஒவ்வொரு உறையாகக் கழற்றி, இருபது, இருபது என்று எனக்குக் காட்டினாள். நானும் ஒவ்வொன்றுக்கும் நெஞ்சில் கை வைத்து ஆச்சரியப்பட்டேன்.

"உண்மைய சொல்லு. நம்பர் தெரிஞ்சிருந்தா தூக்கிருப்பியா?"

"சத்தியமா மாட்டேன்" என்றேன்.

அவள் கைகளைத் தட்டிக்கொண்டு, அந்தச் சின்ன ஜிம்மைச் சுற்றிக் குதித்துக் குதித்து ஓடினாள். தெரிந்தேதான் தூக்கினேன், பயந்துகொண்டேதான் தூக்கினேன் என்று அவளிடம் சொல்ல இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.