அண்டாவில் இன்னொரு கை

சோடா போடுகிறவனுக்கு கேஸ், சர்க்கரை, பாட்டில் எல்லாம் காசுக்குக் கிடைக்கும். ருசி மட்டும் கிடைக்காது. அந்த ருசியைக் கேட்காமல் கொடுத்துவிட்டு, சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனீரே ஐயா, இது என்ன நியாயம்? சொந்தச் சரக்கு போட்டு அடிபட்ட சகோதரர்களே, நீங்களே கேளுங்கள்.

முதல் பெட்டி

கொச்சி மட்டாஞ்சேரியில் பூட்டிக்கிடந்த பழைய ஏலக்காய்க் கிடங்கைப் பேரம் பேசி வாடகைக்குப் பிடித்தேன். எலுமிச்சை, சர்க்கரை, உப்பு: இவ்வளவுதான் என் சரக்கு. ஏலக்காயை நான் வாங்கியதே இல்லை. முதல் பெட்டியை சாயாக்கடை ஜோசப் சேட்டனிடம் இறக்கினேன். ஒரு வாய் குடித்தவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொள்ளாம், நல்லாருக்கு அண்ணாச்சி. எலுமிச்சையில ஏலக்காய் சேர்க்க யாரு சொல்லித் தந்தது?"

பூட்டிய கதவு

சரக்கு பறந்தது. எனக்கோ வேலையாள் செல்வம் மேல் சந்தேகம். அவனைக் கடைகளுக்குச் சரக்கு போட லைனுக்கு அனுப்பிவிட்டு, கதவைத் தாழிட்டு, தனியாகப் பாகு காய்ச்சினேன். அப்போதும் அதே மணம். வெளியே வந்தால், காலி பாட்டில் கொண்டுவந்த ஆட்டோக்காரர் ஜன்னலடியில் முகம் சுளித்து நிற்கிறார். "நீங்க கிண்டும்போது அண்டாவைப் பிடிச்சுட்டு நின்னாரே வெள்ளை முண்டு கட்டின ஒருத்தர், அவருக்குக் காது கேட்காதா? எத்தனை தடவை கூப்பிடுறது?"

நான் கத்திய நாள்

காக்கநாட்டு ஐ.டி. கம்பெனி கேன்டீன் ஒன்று சாம்பிள் குடித்துப் பார்த்துவிட்டு ஆர்டர் தருவதாகச் சொன்னது. ஏலக்காய்ப் படத்தோடு என் பெயர் போட்டு லேபிள் அடித்தேன். என் பெயருள்ள சரக்கில் இன்னொருத்தர் கையா? பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. காலிக் கிடங்கில் நின்று, "இனி என் அண்டாவைத் தொட்டா நடக்கிறதே வேற" என்று கத்தினேன். மூலையில் யாரோ கரண்டியை மெதுவாகக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அங்கே ஆளும் இல்லை, கரண்டியும் இல்லை.

அடுத்த அண்டாவில் மணம் இல்லை. நல்ல காயாக வாங்கி நானே இடித்துப் போட்டுப் பார்த்தேன். கேன்டீன் மானேஜர் ஒரு வாய் குடித்துவிட்டு பாட்டிலைத் தள்ளிவைத்தார். "இது கடையில விக்கிற ஏலக்காய். முன்னே தந்தீங்களே, அது வரட்டும். அப்புறம் ஆர்டர் பேசலாம்."

சுவருக்கு அந்தப் பக்கம்

பக்கத்துக் கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கிற பாத்திமா இத்தா ஒரு மத்தியானம் சாயா கொடுத்தார். வாயில் வைத்ததும் அதே மணம். ஏலக்காய் போட்டீர்களா என்று கேட்டேன். "எங்க போட? நீங்க கத்தின அன்னைக்கிலிருந்து இப்படித்தான் மணக்குது. சண்டை போட்டுட்டு யாரோ வீடு மாறி வந்த மாதிரி."

நடுவில் ஒரு சுவர்தானே ஐயா, திரும்பி வந்து அந்தக் கரண்டியை எடும். பெயரைச் சொன்னால் லேபிளில் என் பெயருக்குக் கீழே போடுகிறேன், மேலே மட்டும் கேட்காதீர்.