குட்டியைக் கவ்விய மலை அணில்

"அணிலப் படம் புடிக்கவாடா உன்னப் படிக்க வெச்சோம்?" என்று அம்மா சிரித்தார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நண்பனின் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு, அடைமழையில் ஒகேனக்கல் மலைக்காட்டுக்குக் கிளம்பினேன்.

வனத்துறை அனுமதியோடு போன குழுவில் தருமபுரியைச் சேர்ந்த நர்ஸ் அக்கா ஒருவர் இருந்தார். அரிதான சாம்பல் மலை அணிலைப் படமெடுக்க வருடக்கணக்காக அலைகிறவர். பருத்த நீர்மருத மரத்தின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்தோம். நனையக் கூடாதென்று கேமராவைச் சட்டைக்குள் வைத்திருந்தேன்.

எதிர் மரத்தில், மழையில் சரிந்த கூட்டிலிருந்து தாய் அணில் வெளியே வந்தது. வாயில் குட்டி! அவசரமாகக் கேமராவை எடுத்தேன். உடம்புச் சூட்டில் ஆவி படிந்து லென்ஸ் மங்கிப்போயிருந்தது.

"அக்கா, குட்டியக் கவ்விக்கிட்டு வருது. என் லென்ஸ் மங்கிடுச்சு, நீங்க எடுங்க."

"எனக்கு மரக்கெளை மறைக்குதுங்க தம்பி."

"இந்தப் பக்கம் வந்துடுங்க."

"நான் எந்திரிச்சா மெரண்டு குட்டிய வுட்டுடப் போவுது. இந்தாங்க, இதுல நீங்களே எடுங்க."

அசையாமல் கையை மட்டும் நீட்டித் தன் கேமராவைத் தந்தார். தாய் அடுத்த மரத்துக்குத் தாவியதை எடுத்தேன்.

கேமராவைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "குட்டி பத்திரமாப் போய்ச் சேந்துச்சா?"

"சேந்துடுச்சுக்கா" என்றேன். அவருடைய நனைந்த முகம் முழுக்கச் சிரிப்பு.

இன்றும் காட்டுக்குப் போகிறேன். அந்தக் கேள்வி எனக்கும் முதலில் தோன்ற வேண்டும் என்று ஆசை. பல நாள் படம்தான் முந்திக்கொள்கிறது.