அக்காவின் கோப்பில் அச்சாகாத வரிகள்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இன்று டத்தோ கிராமாட் வீட்டுக்கு வந்து, பந்தியில் அமர்ந்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொள்ளும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் அக்காவின் ஒரே தம்பியாகிய என் வணக்கம்.

மலரைத் திறந்ததுமே உங்களில் சிலருக்கு இதன் தோற்றம் பழகியதாகத் தெரிந்திருக்கும். தாமரை இல்லை, குத்துவிளக்கு இல்லை, தங்க நிற ஓரமும் இல்லை. நல்ல இடைவெளி விட்டு, கண்ணுக்கு இதமான எழுத்தில் வெறும் சொற்கள். ஆமாம், இது அக்காவின் அமைப்புதான். அவருடைய பழைய மடிக்கணினியில் இருந்த கோப்புகளைக் கொண்டே இதை அச்சுக்கோத்தோம்.

அக்காவின் வாழ்க்கையைச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தள்ளிப் போட்டால் எனக்குத் துணிச்சல் போய்விடும். எங்கள் அம்மாவின் பதினாறாம் நாளில் கொடுத்த மலரில் இருந்த தவறுகளை அக்கா செய்ததாகத்தான் நீங்கள் எல்லாரும் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அக்கா அந்த மலரைத் தொடவே இல்லை. அதைச் செய்தவன் நான்.

அக்கா பிறந்தது தாசேக் கெலுகோருக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவருக்கு ஆறு வயதானபோது அப்பாவுக்கு லாரி ஓட்டும் வேலை கிடைத்து, குடும்பம் கடல் தாண்டி, டத்தோ கிராமாட் இருக்கும் இந்தத் தீவுக்கு வந்தது. நான் பிறந்தது இங்கேதான். அக்கா பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத்தை நல்ல தேர்ச்சியோடு முடித்த வருடம் அப்பா லாரி விபத்தில் காலை முறித்துக்கொண்டார். மேலே படிக்க வேண்டும் என்ற பேச்சு வீட்டில் எழவே இல்லை. அக்காவும் எழுப்பவில்லை. அடுத்த மாதமே ஃபெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, தொழிற்சாலை பஸ் பிடித்து மாக் மண்டினுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார். முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கடலைத் தினமும் இரண்டு முறை கடந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் கோலாலம்பூரில் பட்டம் படித்தேன். பிறகு அங்கேயே வேலை, வீடு, மனைவி, பிள்ளைகள் என்று தங்கிவிட்டேன். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் அழுத்திக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எங்களுக்குத்தான் சங்கடமாக இருந்திருக்கும்.

தொழிற்சாலையில் அவரை ஆவணப் பிரிவில் போட்டார்கள். இயந்திரங்களுக்கான விளக்கப் புத்தகங்களைத் தயாரிக்கும் இடம். அங்கிருந்த ஒரு பொறியாளர் ‘டெக்’ என்ற மென்பொருளை அவருக்கு அறிமுகப்படுத்தினார். புத்தகம் அச்சுக்கோப்பதற்கென்றே செய்யப்பட்டது அது. திரையில் பக்கம் தெரியாது. சொற்களைத் தட்டி, இது தலைப்பு, இது படம், இது அடிக்குறிப்பு என்று கட்டளை போட்டுச் சொல்லிவிட வேண்டும். பிறகு ஓட்டினால் பக்கம் வரும். பின்னாளில் அந்தத் தொழிற்சாலை வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டது. அக்கா மாறவில்லை.

அதிலும் அவருக்கு ஒரு பிடிவாதம். டெக்கின் அடிப்படை வடிவத்தின் மேல், யாரோ எழுதி இலவசமாக விட்டிருந்த ஒரு சின்ன மேக்ரோ தொகுப்பை மட்டும் சேர்த்துக்கொண்டார். பல வேலைகளை ஒரே கட்டளைக்குள் அடக்கி வைப்பதுதான் மேக்ரோ. தொகுப்பு ஒரே ஒரு கோப்பு. அதற்கான விளக்கம் இருபது பக்கம்கூட இருக்காது. அதை அச்செடுத்து, பள்ளிப் புத்தகத்துக்குப் போடுவதுபோல் பழுப்பு அட்டை போட்டு வைத்திருந்தார். ஒருமுறை, “இதவிடப் பெருசா, எல்லாம் செய்யறது இருக்கேக்கா, அத எடுத்துக்கலாமே?” என்று கேட்டேன்.

“அதுல ஆயிரம் இருக்குலா. எனக்கு வேணுங்கிறது ஆறு கட்டளடா. ஆறுக்காக ஆயிரத்தத் தூக்கிட்டுத் திரிய சொல்றியா?” என்றார்.

அப்பா இறந்தபோது அவருடைய நினைவு மலரை இதில்தான் செய்தார். பார்த்தவர்கள் எல்லாம் தங்கள் வீட்டுக்கும் கேட்டார்கள். அதன்பின் நம் குடும்பத்தில் யார் போனாலும் மலர் அக்காவின் பொறுப்பு. துக்க வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, தேநீரை ஆறவிட்டுக்கொண்டு, இறந்தவரைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வார். இன்னொரு வீட்டு வாசகத்தை எடுத்து ஒட்டியதாக ஒரு மலரையும் நீங்கள் காட்ட முடியாது.

அம்மா எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். அக்கா வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டார். நான் கோலாலம்பூரில் இருந்தேன். அம்மா போனதும் ஓடி வந்தேன். ஒன்றும் செய்யாதவனுக்குத்தான் கடைசியில் எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்று வேகம் வருகிறது. பந்தல், சமையல், ஐயர், எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தேன். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் மலர் எங்கே என்று கேட்டேன். அக்கா ஒரு மாதிரிப் படியை நீட்டினார்.

முதல் பக்கத்தில் அம்மாவின் பெயர் இருந்த வரியின் வலது ஓரத்தில், கறுப்பாக ஒரு சின்னக் கட்டை. உள்ளே இன்னும் மூன்று இடத்தில் அதே கட்டை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

“என்னக்கா இது? அம்மா பேருக்குப் பக்கத்துல கறுப்பு அடிச்சி வச்சிருக்கீங்க?”

“நான் அடிக்கலடா. வரி நீண்டு வெளிய போச்சுன்னா அது எனக்குக் காட்டுது. நாளைக்கு உக்காந்து சரி பண்ணிட்டா போயிரும்.”

“நாளைக்கு, நாளைக்கு. ஊர்ல எல்லாரும் கலர்ல பளபளன்னு அடிக்கிறாங்க. நீங்க இன்னும் பள்ளிக்கூடக் கேள்வித்தாள் மாதிரி செஞ்சிக்கிட்டு இருக்கீங்க. விடுங்க, நான் கடையில குடுத்துக்கிறேன்.”

அக்கா அந்தத் தாள்களை என் கையிலிருந்து வாங்கி ஓரம் சேர்த்து அடுக்கினார். “சரி. நீயே பாத்துக்க” என்றார்.

பெயர் சொல்ல வேண்டாத ஓர் அச்சுக்கடை. முகப்பில் இருந்த பெண், “பேரும் படமும் மட்டும் குடுங்கண்ணே, மத்ததெல்லாம் ரெடியா இருக்கு” என்றாள். எனக்கு அது பெரிய வசதியாகப் பட்டது. அவள் தங்கள் மாதிரிப் படியைக் காட்டியபோது அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அட்டையும் தாமரையும் அழகாகத்தான் வந்திருந்தன. உள்ளே, “அன்புக் கணவரையும் எட்டுப் பேரப்பிள்ளைகளையும் ஆறாத் துயரில் ஆழ்த்தி” அம்மா மறைந்ததாக இருந்தது. அம்மாவுக்குப் பேரப்பிள்ளைகள் என் மகளும் மகனும் மட்டுமே. அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

பதினாறாம் நாள் பந்தியில் பெரியப்பாதான் முதலில் பார்த்தார். வழக்கம்போல் மலர் அக்காவுடையது என்றே நினைத்தார்.

“ஏம்மா, இதுல ஒங்கப்பா இன்னும் உசுரோட இருக்காரே! எப்பமா திரும்பி வந்தாரு?”

பந்தியில் சிரிப்பு. எல்லாரும் இலையை விட்டுவிட்டு மலரைப் புரட்டினார்கள். நான் ஐந்தடி தூரத்தில் ரசம் வாளியோடு நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

“கவனிக்கலே பெரியப்பா. என் தப்புதான்” என்றார்.

நான் அடுத்த இலைக்கு ரசம் ஊற்றப் போனேன்.

அதன்பின் யாரும் அக்காவிடம் மலர் கேட்கவில்லை. அம்மாவின் மலரிலேயே இப்படி என்றால் நம்முடையதை எப்படி நம்பிக் கொடுப்பது என்று நீங்கள் பேசிக்கொண்டது எனக்கும் எட்டியது. அப்போதும் சும்மா இருந்தேன். ஒருநாள் அக்காவே அதைப் பற்றிப் பேசுவார், அப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அவர் பேசவே இல்லை. எனக்கும் அது வசதியாகிவிட்டது. மூன்று வருடம் அப்படியே போயிற்று.

அக்காவுக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் என்றார். நுரையீரல் என்று தெரிந்தபோது மருத்துவமனையில் இருந்தார். பதினொரு நாள். “ஒம்பாட்டுக்கு லீவு போட்டுட்டு வராத, பிள்ளைங்களுக்குப் பரீட்சை” என்று தொலைபேசியில் சொன்னதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். முகத்தில் குழாய் மாட்டியிருந்தார்கள். அதைச் சற்று விலக்கி, “லேப்டாப்பத் தூக்கிப் போட்டுறாத” என்றார். அதுதான் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. பழைய பொருள்மேல் உள்ள ஆசை என்று எண்ணி, ஒரு பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேல் ஏற்றி வைத்தேன்.

போன மாதம் இந்த மலருக்காக என் மகள் அதை இறக்கினாள். கல்லூரியில் படிக்கிறாள், கணினி அவளுக்குக் கைவந்தது. பழுப்பு அட்டை போட்ட விளக்கத்தை ஒரு பிற்பகலில் படித்து முடித்தாள். என்னை உட்காரவைத்துக் காட்டினாள். பொருளடக்கம் வர வேண்டுமானால் இரண்டு முறை ஓட்ட வேண்டுமாம். முதல் முறை எது எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளும், இரண்டாம் முறைதான் சரியாகப் போடும். இப்பொழுது நீங்கள் படிக்கும் இந்தப் பக்கத்திலும் முதலில் கறுப்புக் கட்டை வந்தது. தமிழ்ச் சொல் நீளமானது, வரியில் அடங்காமல் வெளியே நீட்டினால் அது அடையாளம் வைக்கிறது. அச்சுக்கோப்பவர் பார்த்துச் சரிசெய்யட்டும் என்பதற்காக. மகள் இரண்டு சொல்லை மாற்றினாள். கட்டை போய்விட்டது. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா என்னிடம் கேட்டது ஒரு நாள்.

மடிக்கணினியில் ஒவ்வொரு மலருக்கும் ஒரு கோப்புறை இருந்தது. “அம்மா” என்றும் ஒரு கோப்புறை. திறந்தால், முழு மலரும் முடிந்து இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் நான் பிடுங்கிக்கொண்டு போனேன் அல்லவா? பதின்மூன்றாம் நாள் அக்கா உட்கார்ந்து அதை முடித்திருக்கிறார். ஒரு கட்டைகூட இல்லை. அம்மா தேநீரில் சீனி சேர்க்கமாட்டார், ஆனால் பிஸ்கட்டை மூன்று முறை முக்குவார் என்பதுவரை அதில் இருக்கிறது. அதைப் படித்துத்தான் நான் அம்மாவுக்காக முதன்முதலில் அழுதேன்.

டெக் கோப்பில் % குறி போட்டால் அந்த வரியில் அதற்குப் பின் எழுதுவது அச்சில் வராது. எழுதுகிறவர் தனக்கென்று குறித்துக்கொள்ளத்தான் அது. அக்காவின் கோப்புகளில் அத்தகைய வரிகள் நிறைய இருந்தன. ஒரு மலரில், “% இவர் குடிப்பார். சாந்த குணம் என்று எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன்.” இன்னொன்றில், “% மாமி இந்தப் படத்தில்தான் சிரிக்கிறார். யார் என்ன சொன்னாலும் இதையே போடு.” நானும் மகளும் சிரித்துக்கொண்டே படித்தோம். யாருடையது என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

அம்மாவின் கோப்பை மகள்தான் கடைசிவரை உருட்டினாள். நன்றிப் பக்கத்துக்கு வந்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. திரையை என் பக்கம் திருப்பினாள். அச்சில் வரும் வரி இது: “அம்மாவின் கடைசி எட்டு மாதங்களிலும் கண்ணிமைபோல் காத்த அவர் மகனுக்கு என் நன்றி.” அக்கா தன்னைப் பற்றி எங்கேயும் ஒரு சொல்கூட எழுதியிருக்கவில்லை. அதற்குக் கீழே:

“% தம்பி இரண்டு முறைதான் வந்தான். ஆனால் அவன் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள். இப்படியே இருக்கட்டும்.”

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அக்காவை மருத்துவமனைக்குத் தன் காரில் கொண்டுபோய், நான் வரும்வரை எட்டு நாளும் அருகில் இருந்த எதிர் வீட்டு ஆ லிங் அக்காவுக்கும், பெயர் தெரியாத தாதியருக்கும், இன்றைய சமையலைப் பொறுப்பேற்ற சித்தி குடும்பத்தாருக்கும், இந்த மலரைக் கோத்த என் மகளுக்கும் நன்றி. பெரியப்பா, அன்று பந்தியில் அக்கா உங்களுக்குச் சொன்ன பதில் பொய். என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் சொன்னது. இந்த வயதில் நீங்கள் என்னைத் திட்டுவதாக இருந்தால், இன்றே, எல்லார் முன்னாலும் திட்டிவிடுங்கள்.

அக்கா செய்து முடித்த அம்மாவின் மலரை அவர் வைத்தபடியே இதன் பின்பகுதியில் சேர்த்திருக்கிறோம். ஒரே ஒரு மாற்றம் உண்டு. அந்த % வரியைப் பார்த்துவிட்டு மகள் என்னிடம் கேட்டாள்.

“இத எடுத்துறட்டுமாப்பா?”

“குறிய மட்டும் எடும்மா” என்றேன்.

அவள் எடுத்துவிட்டு, இரண்டு முறை ஓட்டினாள். கடைசிப் பக்கத்தில், எனக்கான நன்றிக்குக் கீழே, அந்த வரி இப்போது அச்சில் இருக்கிறது. என் பிள்ளைகள் படித்துவிட்டார்கள். நீங்களும் படியுங்கள்.