முதலில் செல்லம்மாவைக் கேளுங்கள்

வீட்டுத் தரகனுக்கு வீடும் சொந்தமில்லை, விற்கிற பணமும் சொந்தமில்லை. நடந்து தேய்ந்த செருப்பு மட்டுமே சொந்தம். மைசூரில் வீடு வாங்கவும் முடியாமல் விற்கவும் முடியாமல் அலைந்த அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். சுதந்திரம் வந்த புதிதில் அங்கே நஜர்பாத் பகுதியில் ஒரே ஒரு வீட்டை விற்க நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். என்னை அந்தப் பாடு படுத்தியவர் ஒரு பெண்மணி. இன்றுவரை அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஒரே ஒரு வரி

வீட்டுக்காரர் நரசிம்மையங்கார், அரண்மனையில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். டில்லியில் இருந்த மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பப் பார்த்தார். பின்பக்கத்துக் கொட்டகையும் முற்றமும் செல்லம்மாவிடம் வாடகைக்கு இருந்தன. கொள்ளேகால் பக்கத்துக்காரர். ஆறு பெண்களை வைத்து ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தார். உருட்டியதைக் காயவைக்க அந்த முற்றம்தான். அது போனால் ஏழு குடும்பங்களுக்கும் அடுப்பு எரியாது.

சேலத்து ஜவுளிக்காரர் ஒருவரை அழைத்துப் போனேன். வீடு பிடித்துவிட்டது. முற்றத்தில் கிடங்கு கட்டலாம் என்று அவர் அடி வைத்து அளந்துகொண்டிருந்தபோது, செல்லம்மா கரி படிந்த கையைக் கழுவிக்கொண்டு வாடகைப் பத்திரத்தோடு வந்தார். அதில் ஒரு வரி. வீட்டை விற்பதானால் பிறர் கேட்கும் விலையை முதலில் செல்லம்மாவுக்கு எழுத்தில் காட்ட வேண்டும். முப்பது நாளுக்குள் அதே விலையை அவர் கொடுத்தால் வீடு அவருக்கு. இவளாவது வாங்குவதாவது என்று ஐயங்கார் என்றோ கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்தே போயிருந்தார். ஜவுளிக்காரர் பத்திரத்தைப் படித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். “நான் மூச்சு முட்டப் பேரம் பேசுவேன், இந்தம்மா வந்து வாங்கிக்குவாங்களா? நான் என்ன இவங்க வெச்ச ஏஜெண்டா?”

தானம்

அடுத்து வந்தவர் உள்ளூர்ப் பட்டுக்கடைக்காரர். அவருக்கு வீட்டின்மேல் ஆசை அதிகம். விற்றால்தானே செல்லம்மாவைக் கேட்க வேண்டும், தானமாகக் கொடுத்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று ஐயங்காருக்கு ஒரு யோசனை பிறந்தது. முப்பது வருஷம் ஃபைல் பார்த்த மூளை அல்லவா. மூவருமாகப் பத்திர எழுத்தர் புட்டையாவிடம் போனோம்.

புட்டையா பொடி போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார். பட்டுக்கடைக்காரர் உங்களுக்கு உறவா என்றார். இல்லை. சிநேகிதமா? போன வாரம்தான் பழக்கம். புட்டையா பேனாவை மூடிவிட்டு, கன்னட வாடை அடிக்கும் தமிழில் ஐயங்காரிடம் சொன்னார்: “ஸ்வாமி, தானம் வாங்கறவங்க கையில தட்டு இருக்கும். இவர் கையில அளவு டேப்பு இருக்கே.”

பெரிய விலை

இதில் நானும் உடந்தை, மறைக்க மாட்டேன். சாமராஜநகரில் ஐயங்காருக்கு ஒரு பால்ய சிநேகிதர். வீட்டை வாங்கிக்கொள்வதாக அவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கினோம். பட்டுக்கடைக்காரர் சொன்னதைப் போல இரண்டு மடங்கு விலை. அதைப் பார்த்தால் செல்லம்மா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார், பிறகு பட்டுக்கடைக்காரருக்கு நியாய விலைக்கு முடித்துவிடலாம் என்பது ஏற்பாடு. கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். கொடுக்கும்போது அந்த அம்மாளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

முப்பது நாள் எல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை, மறுநாளே வந்தார். வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு ஐயங்காரிடம் நீட்டினார். ஐயங்கார் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். செல்லம்மா நகரவில்லை. “அந்த வெலைக்கு எனக்கு வேண்டாமுங்க சாமி. சாமராஜநகர்க்காரருக்கே குடுத்துடுங்க. ஆனா அதுல ஒரு ரூவா கொறைஞ்சாலும் அது வேற வெலை, மறுபடியும் என்னையத்தான் கேக்கோணும்.”

முப்பது நாள்

வேறு வழியில்லை. பட்டுக்கடைக்காரரின் உண்மை விலையை எழுத்தில் வாங்கிச் செல்லம்மாவிடம் கொடுத்தோம். அன்று முதல் அவரை முற்றத்தில் காணவில்லை. தசராவுக்கு ஊதுபத்தி எடுக்கும் கடைகள் ஒவ்வொன்றாக முன்பணம் கேட்டு ஏறி இறங்குகிறார் என்றார்கள். முன்வீட்டை வாடகைக்குத் தருவதாகச் சொல்லி ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடமும் முன்பணம் கேட்டிருக்கிறார் என்றும் கேள்விப்பட்டேன். இருபத்தெட்டாம் நாள் பட்டுக்கடைக்காரர் முற்றத்துக்கு வந்து, கொட்டகையை இடிக்கக் கூலி விசாரித்தார். உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிராமல் உருட்டினார்கள். நான் அந்த வீட்டை விற்க வந்தவன்தான். ஆனால் இந்த விற்பனை கெட்டுப்போகட்டும் என்று அன்று மனதார வேண்டிக்கொண்டேன்.

இருபத்தொன்பதாம் நாள் காலை, முழுத் தொகையோடு செல்லம்மா வந்து நின்றார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. ரிஜிஸ்டர் ஆபீஸில் அவர் எழுத்துக் கூட்டிப் பத்திரம் முழுவதையும் படித்த பிறகே கையெழுத்துப் போட்டார். “எங்க ஆபீஸ்ல இவ இருந்திருந்தா நான் ஹெட் கிளார்க் ஆயிருக்கவே மாட்டேன் ஓய்” என்று ஐயங்கார் என் காதில் சொன்னார். எனக்குக் கை கூப்பத் தோன்றியது. வெளியே வந்ததும் செல்லம்மா என் தரகை எடுத்து நீட்டினார். நான் உங்களுக்காக ஒன்றும் செய்யவில்லையே, எதிர்ப்பக்கம்தானே நின்றேன் என்று பின்வாங்கினேன். “வாங்கிக்குங்க அண்ணா. நீங்க கூட்டியாந்தவங்கதான் எனக்காக வெலை பேசிக் குடுத்தாங்க. நான் ஒத்தையாப் பேசியிருந்தா சாமி இந்த வெலைக்கு எறங்கியிருப்பாருங்களா?”

அன்றிலிருந்து எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும், கதவு தேக்கா என்று தட்டிப் பார்ப்பதற்கு முன்னால், பின்கட்டில் குடியிருப்பவருக்குப் படிக்கத் தெரியுமா என்று விசாரித்துக்கொள்கிறேன்.